ஆவாரம்பூவை உலுக்கும் வண்டு

அம்மா போன மறுவருஷம், திதி கும்பிட்ட கையோடு, புழக்கடையில் மூன்று சென்ட் இடத்தை அவள் பேரில் ஒதுக்கினேன். சுவரில் மாட்டிய படத்துக்கு மாலை போடுவதோடு நின்றுவிட மனசு ஒப்பவில்லை. நர்சரிக்குப் போய், நிறையப் பூத்திருந்த செடிகளாகப் பார்த்து வாங்கிவந்தேன். அடுக்குச் செம்பருத்திதான் அதிகம். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒரு மாதமாகியும் அங்கே ஒரு ரீங்காரம் கேட்கவில்லை. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிடுகின்றன. தேடி வரும் பூச்சிக்குக் கொடுக்க அதனிடம் அதிகம் இருப்பதில்லை.

அம்மா பூச்செடி எதையும் காசுக்கு வாங்கியவள் இல்லை. பிள்ளையாருக்குத் தும்பையும் எருக்கும், பொங்கலுக்கு முன் காப்புக்கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. எல்லாம் காங்கயத்துப் பக்கம் நாங்கள் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலியோரம் பறித்தவை. அவள் பறித்ததைத்தானே நான் நட்டிருக்க வேண்டும்?

வேலியோரத்து ஆவாரங்கன்றுகளைப் பிடுங்கி வந்து நட்டேன். அத்தனையும் பட்டுப்போயின. ஆணிவேர் ஆழமாக இறங்குகிற செடி, இடம் மாற்றினால் தாங்காது. பிறகு நெற்று பொறுக்கி, விதைகளை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றினேன். அவை பிழைத்துக்கொண்டன.

அடுத்த வருஷம் அவை பூத்த காலையில்தான் கருவண்டு வந்தது. கட்டைவிரல் பருமன், மின்னும் கறுப்பு, வெயில் பட்டால் நீலம் ஓடும் இறக்கை. பூவைக் கால்களால் கட்டிப்பிடித்துத் தொங்கியது. பறக்கும்போது கேட்ட ஓசை திடீரென்று மாறி, கீச்சென்று ஒரு சுருதி கூடியது. பூ நடுங்கியது.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் வெளியே தூவிக் கிடக்காது. பைக்குள் இருக்கும், நுனியில் மட்டும் சின்னத் துளை. கருவண்டு இறக்கையை அசைக்காமல், பறப்பதற்கான நெஞ்சுத் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் பீறிட்டு அதன் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. பெட்டியில் வளர்க்கிற அடுக்குத்தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரிப் பூவின் மகரந்தப்பையும் இதே அமைப்புத்தான். வேலி ஆவாரையை அம்மா யாரையும் வெட்டவிட்டதில்லை. பக்கத்துப் பாத்தியில் அவளுடைய கத்தரி காய்த்துத் தொங்கும். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததென்றே இப்போது நம்புகிறேன்.

எருக்கை நட்டபோது பெரியம்மாவுக்குக் கோபம். "எருக்கு மொளச்ச ஊடு வெளங்குமா கண்ணு?" என்றார். கையைப் பிடித்து அழைத்துப்போய் இலையடியைக் காட்டினேன். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழு. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியாகும். குருவிகள் அதைத் தொடத் தயங்கும். பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அவரிடமிருந்து எருக்கைப் பற்றிப் பேச்சில்லை.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருந்தவையும் புழுக்களே. வளர்ந்து பச்சையானதும் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். மருந்து அடிக்கச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை, கொத்துக் கொத்தாகத் தின்னக் கொடுத்தேன். அவைதான் கறிவேப்பிலை அழகியாகின்றன. அந்த இனத்துப் பெண்களில் பல, ரோஜா அழகியைப் போல வேஷம் போடுகின்றன. ரோஜா அழகி, ஆடுதின்னாப்பாளை தின்று வளர்ந்து நஞ்சேறியது. வேஷக்காரியிடம் நஞ்சு இல்லை. பறவையை ஏமாற்றினால் போதும். கொறங்காட்டில் காலில் மிதிபட்டுக் கிடந்த ஆடுதின்னாப்பாளையை ரோஜா அழகிக்காகவே தேடி எடுத்துவந்து ஊன்றினேன். தோட்டம் என்றால் பூ மட்டும் போதாது, கடிபட இலையும் வேண்டும். ஓட்டை விழாத இலையைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது.

நடைபாதைக்குக் கல் பதிக்கவில்லை. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் தேனீக்கள் உண்டு, அவற்றுக்குத் திறந்த தரை வேண்டும்.

துணி காயப்போட அம்மா கட்டிய மூங்கில் கழி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதில் கருவண்டு துளை போட்டிருக்கிறது. உள்ளே மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டை வைத்து, முட்டையிட்டு, தூளால் தடுப்புக் கட்டி, அடுத்த அறைக்குப் போகும். பிறக்கும் பெண் வண்டுகளில் சில, தாய் இருந்த துளையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. கழி ஒரு முனையில் இற்றுவிட்டது. போன வாரம் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். துணிக்கு வேறு கொடி கட்டியாயிற்று.