பசை முகரும் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடம் சொல்லாதவை

துரத்த வேண்டாம்

பள்ளிக் கழிவறையின் பின்னாலோ, செம்பனைக் காட்டோரத்திலோ, அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழோ ஒரு பையன் பிளாஸ்டிக் பைக்குள் மூக்கை வைத்துப் பசை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசையிலும் தின்னரிலும் லைட்டர் வாயுவிலும் உள்ள தொலுயீன், பியூட்டேன் போன்ற பொருள்கள் இதயத்தை எளிதில் தடுமாறும் நிலையில் வைத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பிள்ளை திடுக்கிட்டாலோ தலைதெறிக்க ஓடினாலோ உடம்பில் அட்ரினலின் ஏறும். துடிப்பின் தாளம் கெட்டு இதயம் அங்கேயே நின்றுபோகலாம். 1970-ல் மில்லார்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர், இப்படித் திடீரென்று இறந்துபோன 110 பேரைப் பற்றி எழுதினார். இதற்கு நாள்பட்ட பழக்கம் தேவையில்லை. முதல்முறை முகர்ந்த பிள்ளைக்கும் நேரலாம்.

அமைதியாகப் பேச்சுக் கொடுங்கள். பையை மெல்ல வாங்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள், தனியே விட்டுப் போகாதீர்கள். கண்டிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்த பிள்ளைகள் பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டு இடத்திலும் போதைப்பொருள் எதிர்ப்புச் சொற்பொழிவுகளும் சுவரொட்டிப் போட்டிகளும் நடக்கின்றன. நான் பேசிப் பார்த்த ஆசிரியர்கள் பலருக்கு மேலே சொன்ன செய்தி புதிதாக இருந்தது. பசை முகர்பவனைப் பிடிப்பது கட்டொழுங்கு ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறோம். எப்படிப் பிடித்தால் அவன் உயிரோடு இருப்பான் என்று அந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் போதைப்பொருள் கல்வியின் கோளாறு முழுவதும் இந்த ஓர் இடைவெளியில் தெரிகிறது.

மேடையில் நடக்கும் பாடம்

1983 பிப்ரவரி 19 அன்று மலேசிய அரசாங்கம் போதைப்பொருளை நாட்டுப் பாதுகாப்புக்கு முதன்மையான மிரட்டலாக அறிவித்தது. அந்த நாளே இன்றும் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நாள். போதைப்பொருள் தடுப்புக்கான பெமாடாம் இயக்கம் அதற்கும் முன்பே, 1976-ல் தொடங்கியது. அன்று ஹெராயின் பரவிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் போர்க்களத்துப் பேச்சு அப்படியே வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சபைகூடலில் ஓர் அதிகாரி பேசுவார். புண் பிடித்த கை, கைவிலங்கு, தூக்குக் கயிறு என்று படங்கள் ஓடும். பிள்ளைகள் கையை உயர்த்தி உறுதிமொழி சொல்வார்கள். பிறகு ஓய்வுநேர மணி அடிக்கும்.

இந்த முறை எங்கேயாவது பலன் தந்திருந்தால் நானும் கை தட்டுவேன். அமெரிக்காவில் ‘டேர்’ என்ற திட்டம் 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையால் தொடங்கப்பட்டு, சீருடைப் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பியது. அதைச் சோதித்த ஆய்வுகள் 1994 முதலே, படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டின. 1998-லிருந்து 2004 வரை ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவழித்து அங்கே இளையோருக்கு விளம்பர இயக்கம் நடத்தினார்கள். அதை மதிப்பிட்டவர்களுக்குக் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம், ‘எல்லாரும்தான் இதைச் செய்கிறார்கள் போலிருக்கிறது’ என்ற எண்ணம் வளர்ந்திருந்ததற்கு அறிகுறிகள் கிடைத்தன.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் 2013-ல் தடுப்புக் கல்விக்கு அனைத்துலகத் தர நெறிகளை வெளியிட்டது. 2018-ல் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அதைப் புதுப்பித்தது. பலன் தராதவை என்று அது சொல்லும் வரிசையைப் படித்தால் நம் பள்ளி மண்டபம் அப்படியே கண்முன் வரும்: விரிவுரை மட்டும் நடத்துவது, அச்சமூட்டும் தகவல் கொடுப்பது, பழக்கத்திலிருந்து மீண்டவரை அழைத்து அனுபவம் சொல்ல வைப்பது, போலீஸ்காரரைப் பாடம் நடத்த விடுவது.

பயம் ஏன் தோற்கிறது? ‘ஒருமுறை தொட்டால் செத்தாய்’ என்று கேட்டு வளர்ந்த பையன், தன் அண்ணனின் நண்பன் வார இறுதியில் எதையோ இழுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போவதைப் பார்க்கிறான். அந்த நொடியில் ஆசிரியர் சொன்ன மற்ற உண்மைகளும் பொய்யாகிவிடுகின்றன. ஏற்கெனவே தொட்டுவிட்ட பிள்ளையின் நிலை இன்னும் மோசம். தூக்குக் கயிற்றுப் படத்தைப் பார்த்த பிறகு அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

கள்ளுக்கடையைக் கேள்வி கேட்டவர்கள்

ஒருகாலத்தில் ரப்பர் தோட்டத்தில் போதை என்றால் கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே கள்ளுக்கடை இருந்தது. பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் போன்றோரின் முன்னெடுப்பில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். போர் முடிந்த பிறகு, 1946-47-ல், கெடாவின் பீடோங் பக்கம் ஏ.எம்.சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. போலீசோடு மோதலும் கைதும் வந்தன.

அந்தத் தொழிலாளர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டார்கள்: கடை ஏன் இங்கே இருக்கிறது, அதை யார் வைத்தது, லாபம் யாருக்கு? இன்றைய பள்ளிப் பாடம் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. பிள்ளையின் மனவுறுதி மட்டும்தான் அதற்குத் தெரிகிறது.

பிறகு தோட்டங்களும் போயின. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கமெல்லாம் ரப்பர் செம்பனையானது, பல இடங்களில் நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. குடும்பங்கள் பட்டண ஓரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தன. லயத்து வாழ்க்கை கஷ்டமானது, அதை நான் புகழவில்லை. ஆனால் பந்து விளையாடத் திடல் இருந்தது, கோயில் வாசல் இருந்தது, யார் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பத்து கண்கள் இருந்தன. ஷிப்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் லாரி ஓட்டும் அப்பாவுக்கும் பிறந்த பிள்ளை இன்று மதியம் 2 மணியிலிருந்து இரவு வரை யாருடைய கண்ணிலும் படாமல் இருக்க முடிகிறது.

ஐஸ்லாந்து இந்த மணிநேரங்களைத்தான் குறிவைத்தது. 1998-ல் அந்நாட்டின் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 விழுக்காடு. விளையாட்டு, இசை, கலை வகுப்புகளுக்கு உதவித்தொகை தந்தார்கள், பிள்ளைகள் இரவில் வெளியே திரியும் நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள், பெற்றோரை ஒருவரோடொருவர் பேச வைத்தார்கள். பேராவில் அதைச் செய்ய ஐஸ்லாந்தின் பணம் வேண்டியதில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளித் திடல்களைத் திறந்துவிட்டே தொடங்கலாம்.

பாடத்தில் இல்லாத பொருள்கள்

சுவரொட்டிகளில் இன்றும் ஊசிதான் வரைகிறார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டுவது வேறு.

வட பேராவிலும் கெடாவிலும் கெத்தும் மரம் இயற்கையாக வளர்கிறது. இலையைக் கொதிக்க வைத்த நீரைக் களைப்புத் தீரப் பெரியவர்கள் குடித்த வழக்கம் பழையது. இளையோர் அதில் இருமல் மருந்தைக் கலக்கிறார்கள். கெத்தும் இலையின் மித்ராகைனினும் இருமல் மருந்தின் கொடேயினும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தூக்க மாத்திரையோ மதுவோ கூடினால் தூக்கத்திலேயே மூச்சு நிற்கலாம். குறட்டை விட்டபடி எழுப்ப முடியாமல் கிடக்கும் பிள்ளையை ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது. அது அவசரச் சிகிச்சைக்கான அறிகுறி.

வேப் அடுத்தது. 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம் 2024 அக்டோபர் 1-ல்தான் நடப்புக்கு வந்தது. இடையில் 18 மாதம். அந்த வயதில் தொடங்கிய நிக்கோட்டின் பழக்கம் சட்டம் வந்ததும் தானாகப் போய்விடாது. சில வேப் திரவங்களில் செயற்கைக் கஞ்சா இரசாயனங்கள் கலக்கப்படுகின்றன. மாம்பழ வாசனைதான் என்று நம்பி இழுத்த பிள்ளைக்கு நெஞ்சு படபடப்பு, வாந்தி, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்.

சியாபு என்னும் மெத்தம்பெட்டமின் நாள்கணக்கில் தூக்கத்தைப் பறிக்கும், பிறகு யாரோ துரத்துவதாகத் தோன்ற வைக்கும். வீட்டார் இதைப் பேய் பிடித்ததாக எண்ணிக் கோயில் கோயிலாக அலைவதுண்டு. வேண்டுதல் செய்யுங்கள், ஆனால் மருத்துவரையும் அன்றே பாருங்கள். தஞ்சோங் ரம்புத்தானில் 1911-லிருந்து இயங்கும் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனையைக் கேலிப்பெயராகச் சொல்லி வளர்ந்த தலைமுறை நாம். மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை தரும் இடம் அது. கேட்டமின் சிறுநீர்ப்பையைச் சுருக்கிவிடும். 20 வயதில் ஒருவர் அரை மணிக்கொருமுறை வலியோடு கழிவறைக்கு ஓடும் நிலை வரும். மலிவான சம்சு சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். 2018-ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள்.

பொட்டலம் தூக்கும் பிள்ளைகள்

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில், 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குள் நுழைந்தபோது பிடிபட்டார். அப்போது இருபதை ஒட்டிய வயது. நுண்ணறிவு அளவு 69 என்ற மதிப்பீடு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 27 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஈப்போவின் பன்னீர் செல்வம் பரந்தாமன் 2014-ல் 51.84 கிராமோடு பிடிபட்டார். சிறையிலிருந்து கவிதையும் பாடலும் எழுதினார். 2025 அக்டோபர் 8 அன்று அவர் உயிரும் போனது.

சிங்கப்பூரில் தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனைக்குரிய குற்றம். மலேசியாவில் கட்டாய மரண தண்டனை 2023-ல் நீக்கப்பட்டது. நீதிபதிக்கு இப்போது வேறு தண்டனை விதிக்கும் உரிமை உண்டு, ஆனால் மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது. தூக்குக் கயிற்றைப் படம் போட்டுக் காட்டிய நாட்டில்தான் இந்த இருவரும் வளர்ந்தார்கள். அந்தப் படம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

கடன் கொடுத்து உதவிய அண்ணன், ‘இதை அந்தப் பக்கம் கொண்டு போய்க் கொடுத்துவிடு, கணக்கு முடிந்துவிடும்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வது, யாரிடம் ஓடுவது, மறுத்தால் வீட்டாருக்கு ஆபத்து என்று மிரட்டினால் என்ன செய்வது? இவற்றுக்கு எந்தப் பள்ளியில் ஒத்திகை நடக்கிறது? உட்கொள்வதைப் பற்றி மட்டுமே பேசும் பாடத்தில், தூக்கிச் செல்லும் பிள்ளை இல்லவே இல்லை. போதையைத் தொடாத பிள்ளையும் இந்த வலையில் விழ முடியும். என்னைப் பொறுத்தவரை நம் சமூகத்துக்கு மிக அவசரமான பாடம் இதுதான்.

சிறுநீர்ச் சோதனைக்குப் பிறகு

பள்ளிகளில் நடக்கும் சிறுநீர்ச் சோதனையைப் பெற்றோர் பலர் வரவேற்கிறார்கள். பிள்ளைமேல் உள்ள கவலை அது, எனக்கும் புரிகிறது. ஆனால் சாதாரணச் சோதனைக் கருவி பசையைக் காட்டாது, செயற்கைக் கஞ்சாவில் பலவற்றையும் காட்டாது. மருத்துவர் தந்த கொடேயின் மருந்தைக் குடித்த பிள்ளையைத் தவறாகக் காட்டவும் கூடும். திடீர்ச் சோதனை பலன் தராது என்றே மேலே சொன்ன தர நெறிகளும் சொல்கின்றன. அடையாளம் கண்ட பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கினால், அவன் போய்ச் சேரும் இடம் பொட்டலம் விற்பவனின் வாசல்.

தண்டனையிலிருந்து மருத்துவத்தின் பக்கம் இந்த நாடு ஒருமுறை திரும்பியிருக்கிறது. 2002-ல் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி கண்டறியப்பட்டது, பெரும்பாலோருக்கு ஊசிவழித் தொற்று. 2005-ல் மெத்தடோன் சிகிச்சையும் 2006-ல் ஊசி மாற்றுத் திட்டமும் தொடங்கின. எதிர்ப்புக் குரல்கள் பலமாக இருந்தன. ஆயினும் புதிய தொற்றுகளில் ஊசிவழி வந்தவை பிறகு சில விழுக்காடாகக் குறைந்தன. பெரியவர்களுக்குக் கிடைத்த அந்த அணுகுமுறை பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒருநாள் சொற்பொழிவுக்குப் பதில், வாரம் ஒன்றாகப் பத்துப் பதினைந்து பாடவேளைகளில், பயிற்சி பெற்ற ஆசிரியர் பிள்ளைகளைப் பேசவிட்டு, மறுப்பதை நடித்துப் பார்க்க வைக்கும் வகுப்பு நடத்த முடியுமா? தமிழ்ப்பள்ளியில் அதைத் தமிழிலேயே நடத்துவார்களா? ‘நான் ஒருமுறை செய்துவிட்டேன்’ என்று ஒரு பிள்ளை ஆலோசக ஆசிரியரிடம் சொன்னால், அன்றைக்குப் பள்ளி என்ன செய்யும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இந்தத் துன்பம் இருப்பவர்களுக்கு: தானாக முன்வந்து சிகிச்சை கேட்க, போதைப் பழக்கத்தினரின் சிகிச்சைக்கான 1983-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே வழி உண்டு. வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோரே தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தை அணுகலாம். மருத்துவமனைக்குப் போகும்போது பிள்ளை என்ன உட்கொண்டது, எப்போது, எதோடு கலந்து என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புட்டியோ உறையோ கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை அழைக்கலாம். ஈப்போவில் மன ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்களும் இருக்கிறார்கள், பெயரைச் சொல்லாமலே அவர்களிடம் பேசலாம்.