குப்பைக்குத் தீ வைப்பது யார் குற்றம்?

தெருவோரம் சருகும் நெகிழியும் சேர்ந்து எரிந்தால், புகார் முதலில் தூய்மைப் பணியாளரின் மீதே பாய்கிறது. அப்பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஆகவே, எரிப்புத் தடை யாரைத் தண்டிக்கிறது என்பது சாதி பற்றிய கேள்வியே. சட்டம் சொல்வதை நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும்.

தடை யாருக்கு?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 4ஆம் விதி, கழிவை உருவாக்கும் எவரும் அதைத் தெருவிலோ பொது இடத்திலோ நீர்நிலையிலோ வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றது. வீடு, கடை, உணவகம், நிறுவனம் என அனைவருக்கும் இது பொருந்தும். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று அல்மித்ரா படேல் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பைக் கிடங்குகள் உட்பட எந்த நிலத்திலும் திறந்தவெளியில் கழிவை எரிப்பதற்கு முழுத்தடை விதித்தது. சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும், பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும்.

கடமை யாருக்கு?

2016 விதிகளின் 15ஆம் விதி உள்ளாட்சி அமைப்புகளைப் பொறுப்பாக்கியது. வீடுதோறும் கழிவைச் சேகரிப்பதும், சருகை எரிக்காமல் தனியே சேர்த்து ஒப்படைக்கப் பணியாளரைப் பணிப்பதும், கையுறை, முகக்கவசம், காலணி ஆகியவை கிடைக்கச் செய்வதும் அவற்றின் கடமைகள். வண்டி அனுப்பாமல், கொட்டுவதற்கு இடமும் காட்டாமல், மாலைக்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆணையிட்டால் பணியாளர் என்ன செய்வார்? அவருக்குக் குறிப்பாணை வந்தால், வண்டி வராத நாட்களையும் மேற்பார்வையாளரின் வாய்மொழி உத்தரவையும் தேதியுடன் விளக்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

சேரியருகே எரியும் கிடங்கு

2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கு பல நாட்கள் எரிந்தது, செய்தியானது. சிற்றூர்களில் சேரியை ஒட்டி அன்றாடம் புகையும் கிடங்குகள் செய்தியாவதில்லை. அங்கே வாழும் மக்களுக்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடுமாறு மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு அளிக்கலாம். நிதியில்லை என்று நகராட்சி தப்பிக்க முடியாது என்பதை, இதற்கு இணையான பழைய பிரிவின்கீழ் 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இரண்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். மனுதாரரே நேரில் வாதிடலாம். தீர்வு கோரும் மனுவுக்குப் பொதுவாக 6 மாதங்களும், இழப்பீடு கோர 5 ஆண்டுகளும் காலவரம்பு.

மூன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(சி), தீங்கோ அவமதிப்போ தொல்லையோ விளைவிக்கும் நோக்கில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வாழும் சுற்றுப்புறத்தில் கழிவைக் கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. இங்கே நோக்கத்தை மெய்ப்பிப்பதே கடினம். மக்கள் எழுத்துமூலம் எதிர்த்த பின்னரும் கொட்டுவது தொடர்ந்தால், அந்த மனுவும் அதன் ஒப்புகைச் சீட்டும் முக்கியச் சான்றாகும்.

எனவே நம் வேலை இன்றே தொடங்குகிறது: தேதியிட்ட படம், மருத்துவச் சீட்டு, ஒப்புகை பெற்ற மனு. அபராதம் விதிக்க வருவோரிடம் துடைப்பம் ஏந்தியவரின் பெயரைத் தருவதற்குப் பதிலாக, வண்டி அனுப்பாத அலுவலகத்தின் முகவரியைத் தருவோம்.