கல்யாணப் பேச்சு வரும்வரை காத்திருக்கலாமா?



"பல் கொஞ்சம் முன்னுக்குத்தான், வளர வளரச் சரியாகிவிடும்" என்று உம்மாமார் பலர் இருந்துவிடுகின்றனர். மகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதுதான் கவலை பிறக்கிறது. அப்போது தாடை வளர்ச்சி முடிந்துபோயிருக்கும்.

பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள். நாடி உள்ளொடுங்கி, மேற்பற்கள் கீழுதட்டின் மேல் வந்து நிற்கின்றனவா? உதடுகளை மூடச் சிரமமா? அப்படியானால் குறை பல்லில் மட்டுமல்ல. பெரும்பாலும் கீழ்த்தாடையும் பின்தங்கியிருக்கும். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் நின்றால், கீழ்த்தாடை மிஞ்சியோ மேல்தாடை குறைந்தோ வளர்கிறது எனலாம்.

தாடையின் அமைப்பு பெரிதும் பரம்பரையாக வருவது. ஆனால் 6, 7 வயதுக்குப் பிறகும் விரல் சூப்பினால் பற்கள் முன்தள்ளும். அத்தகைய பற்கள், பிள்ளை விழும்போது எளிதில் உடையும்.

பின்தங்கிய தாடைக்குக் கழற்றி மாட்டும் கருவி உண்டு. அது பெரிதும் பற்களை நகர்த்தும். தாடைக்கும் ஓரளவு துணைபுரியும். பிள்ளை விறுவிறென்று உயரும் காலமே அதற்கு ஏற்றது. பெண்பிள்ளைகளுக்கு அது சுமார் 11, 12 வயது. ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் பிந்தும். மகள் பெரியவளாகும்போது அந்த வேகம் பொதுவாகத் தணியத் தொடங்கியிருக்கும். மேல்தாடையை முன்னிழுக்கும் கருவியோ 10 வயதுக்கு முன்பே அதிகம் பயன்தரும். வளர்ச்சி முடிந்தபின் தாடையெலும்பை நகர்த்தச் சத்திரசிகிச்சைதான் வழி.

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று தயங்குகிறீர்களா? அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஆனால் போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்களைத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குறையை நீக்குவது வேறு, வெறும் அழகுக்காக மாற்றுவது வேறு என்று உலமாக்கள் விளக்குகின்றனர்.

ஆகவே 8, 9 வயதிலேயே பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள். கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையிலும் பேராதனை பல் போதனா வைத்தியசாலையிலும் இதற்கெனத் தனி வைத்திய நிபுணர்கள் உள்ளனர். கருவியைச் சொன்ன நேரமெல்லாம் அணியவைப்பது உங்கள் பொறுப்பு. கழற்றி மேசையில் வைத்த கருவியால் பயனில்லை.

இன்னொன்று. வீட்டில் எவரும் பிள்ளையைப் பல்லைச் சொல்லிக் கேலி செய்ய இடம்கொடாதீர்கள். பட்டப்பெயர் சூட்டுவதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது. வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் பழக்கம் பெரும்பாலும் அந்தக் கேலியில்தான் தொடங்குகிறது.