அலை வரும் பின்னே, மிதவை சொல்லும் முன்னே

ஹவாயின் ஒவாஹு தீவில், வடக்குக் கரையில் குளிர்காலத்தில் எழும் பேரலைகளுக்கும் அங்கே வீசும் காற்றுக்கும் சம்பந்தம் குறைவு. அவை அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே சுழலும் வட பசிபிக் புயல்களில் பிறந்து, மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர் கடலைக் கடந்து வருபவை. பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் வந்து சீராக உருளும் இந்த அலைத்தொடரை அலைச்சறுக்கு வீரர்கள் ‘ஸ்வெல்’ என்பார்கள். வழியில் நாள்கணக்கில் நேரம் ஆவதால்தான் அதை முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

புயல்காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு நீளமான கடற்பரப்பின் மீது வீசுகிறது என்ற மூன்றும் சேர்ந்து அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. புயலுக்குள் எல்லா அலைகளும் கலந்து கிடக்கும். வெளியே வந்ததும் தாமாகவே பிரியத் தொடங்கும். அடுத்தடுத்த இரண்டு முகடுகள் ஓரிடத்தைக் கடக்க ஆகும் நேரம் அலைவுக்காலம். அது நீளமாக இருந்தால் ஆழ்கடலில் வேகமும் அதிகம். 20 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 56 கி.மீ. நகரும், 12 விநாடிக் கூட்டம் 34 கி.மீ. மட்டுமே. 3,500 கி.மீ. தொலைவிலுள்ள புயலிலிருந்து முன்னது இரண்டரை நாளில் வந்துசேர, பின்னதற்கு நாலு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு ஸ்வெல்லின் முதல் அறிகுறி உயரம் குறைந்த, இடைவெளி மிக நீண்ட அலைகள்தான். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அன்று கடல் அமைதியாகவே தெரியும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் மங்க். அலைவுக்காலம் நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்று அளந்தால், புயல் எவ்வளவு தொலைவில், எப்போது வீசியது என்று கண்டுபிடித்துவிடலாம். மெக்ஸிகோவின் குவாடலூப் தீவருகே வந்த அலைகள் இந்தியப் பெருங்கடலில் பிறந்தவை என்று அவர் குழு இப்படித்தான் அறிந்தது. 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகள் வைத்து, புயலை விட்டு விலகிய பிறகு நீண்ட அலைகள் வழியில் மிகக் குறைந்த ஆற்றலையே இழக்கின்றன என்றும் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் படைகள் கரையிறங்கும் நாளுக்கு அலை கணிக்க ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்புடன் அவர் உருவாக்கிய முறையே இந்தத் துறைக்கு வித்து. 

கணிப்பு சரியா என்று சொல்வது மிதவை. கடலடியில் நங்கூரமிட்ட இந்தக் கருவிக்குள் முடுக்கமானி இருக்கும். மிதவை ஏறி இறங்கும் முடுக்கத்தைப் பதிந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடும். சுமார் இருபது நிமிடப் பதிவைக் கணிதமுறையில் பிரித்து, எந்த அலைவுக்காலத்தில் எவ்வளவு ஆற்றல், எந்தத் திசையிலிருந்து என்று தனித்தனியே எடுக்கிறார்கள். அமெரிக்க தேசியத் தரவு மிதவை மையம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அண்டைத் தீவான காவாய்க்கு வடமேற்கே சுமார் 350 கி.மீ. தொலைவில் நிற்கும் 51001 எண் மிதவை ஒவாஹுவின் காவற்காரன். அதில் 17 விநாடி அலை பதிவானால், வடக்குக் கரைக்கு அது வந்துசேர ஏறத்தாழ பத்து மணி நேரம் இருக்கிறது.

மிதவைப் பட்டியலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது உயரத்தில். அங்கே தரப்படுவது பேரலையின் உயரம் அல்ல. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. போதாததற்கு, உள்ளூர்க் காற்று கிளப்பிய சிற்றலையும் தொலைதூர ஸ்வெல்லும் அந்த ஒரே எண்ணில் கலந்திருக்கும். இரண்டு மீட்டர், 8 விநாடி என்றால் கலங்கலான கடல். அதே இரண்டு மீட்டர் 18 விநாடியில் வந்தால் அது சுமந்துவரும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. நீண்ட அலை சுமார் 250 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கி, பாறைத்திட்டுகளை நோக்கி வளைந்து, கரையில் இன்னும் உயர்ந்து எழும். எனவே முதலில் விநாடியைப் பார்த்து, அடுத்து திசையைப் பார்த்து, கடைசியாக உயரத்தைப் பார்ப்பதே நல்லது. திசைக்கு ஏன் அந்த இடம்? மேற்கு சாய்ந்து வரும் ஸ்வெல்லைக் காவாய் தீவு மறைத்துவிடும். மிதவையில் பெரிதாகத் தெரிந்தது ஒவாஹுவில் பிசுபிசுத்துப்போகும்.

மிதவை இல்லாத பரந்த கடலை மென்பொருள் நிரப்புகிறது. அமெரிக்க அரசின் ‘வேவ்வாட்ச் 3’ உலகக் கடல்களைக் கட்டங்களாகப் பிரித்து, வானிலை மாதிரி தரும் காற்றைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் அலை ஆற்றல் எப்படிச் சேர்கிறது, நகர்கிறது, கரைகிறது என்று கணிக்கிறது. கரையோர வளைவு நெளிவுகளுக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்வான்’ போன்றவை உண்டு. ஷான் காலின்ஸ் என்ற கலிபோர்னியக்காரர் 1985இல் தொலைபேசி வழியாகச் சொல்லத் தொடங்கிய ‘சர்ஃப்லைன்’ கணிப்பு, இன்று இத்தகைய மாதிரிகளைக் கொண்டு இயங்கும் பெரிய நிறுவனம்.

மாதிரியின் பலவீனம் காற்றுக் கணிப்பிலேயே இருக்கிறது. புயல் சற்றே விலகினாலும் அலையின் நேரமும் திசையும் மாறும். ஒவாஹு வடக்குக் கரையின் வைமியா விரிகுடாவில் அலையின் முகப்பு 40 அடி உயர்ந்தால் மட்டுமே நடத்தப்படும் எடி ஐகாவ் நினைவு அலைச்சறுக்குப் போட்டி, 2016 பிப்ரவரி 10 அன்று நடக்கும் என்று அறிவிக்கப்பட்டு, அலை போதாமல் அன்று காலையே கைவிடப்பட்டது. பிறகு 25ஆம் தேதிதான் நடந்தது.

நம் பக்கத்துக் கடலிலும் இதே கதைதான். இலங்கையின் அருகம்பே அலைச்சறுக்குப் பருவத்தையும், கன்னியாகுமரிக் கரையைக் காற்றில்லாத நாளில் திடீரெனத் தாக்கும் கள்ளக்கடலையும் உண்டாக்குவது தெற்குப் பெருங்கடல் ஸ்வெல்தான். 6,000 கி.மீ.க்கு மேல் கடந்துவர ஐந்து நாள் வரை ஆவதால், ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதே முறையில் கணித்துக் கரையோரத்துக்கு எச்சரிக்கை விடுகிறது.