கீழ்க்காய்நெல்லியை இனங்காணுதல்

காமாலைக்கு மருந்தெனக் கீழ்க்காய்நெல்லியைப் பறிப்போர் பலர். கண் மஞ்சளித்தமைக்குப் பித்தவழி அடைப்பும் காரணமாகலாம் என்பதால் வைத்தியரை முன்னதாகக் காண்பதே முறை, அது நிற்க. மாரியில் வேலியோரங்களில் முளைக்கும் இச்சிறு பூண்டுக்கு ஒத்த உருவுடைய உறவினங்கள் உள. இலையை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். கிளையைக் கவிழ்த்துக் காயைப் பார்த்தல் வேண்டும். கீழ்க்காய்நெல்லியின் காய் வழுவழுப்பானது, குறுங்காம்பில் தொங்குவது. தண்டு பெரும்பாலும் செம்மை படர்ந்த மற்றோரினத்தின் காயோ காம்பின்றி ஒட்டியதுபோல் இருக்கும். தோலிற் சிறு கரணைகள் தென்படும். முற்றிய வித்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின் ஐயம் அகலும்: கீழ்க்காய்நெல்லியில் வரிகள் நெடுக்கே ஓடும்; மற்றதிற் குறுக்கே ஓடும். பூ கடுகளவினதே, அதன் இதழ்கள் கீழ்க்காய்நெல்லியிற் பெரும்பாலும் ஐந்து. பழைய நூல்கள் பல இதனை ‘நிருரி’ எனக் குறித்தன. அப்பெயர்க்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தது.