தென்காசியின் 370 வாக்குகள்

பொருளியல் வகுப்பில் அந்தோணி டவுன்ஸ் 1957-இல் எழுதிய ஜனநாயகக் கோட்பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். தனியொருவரின் வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்றால், வெயிலில் வரிசையில் நிற்பது எதற்கு? இப்போது கேட்டால் நான் தென்காசியைக் காட்டுவேன்.

2016-இல் அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரஸின் பழனி நாடாரை 462 வாக்குகளில் வென்றார். 2021-இல் அதே இருவரும் மோதினர். பழனி நாடார் 370 வாக்குகளில் வென்றார். இருவரும் தலா 85 ஆயிரத்துக்கு மேல் பெற்ற களம் இது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயல்களை ஒட்டிய இரண்டு மூன்று தெருக்கள் மனம் மாறியிருந்தால் இரு முறையும் முடிவு தலைகீழாகியிருக்கும்.

இத்தொகுதி எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை அருகிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதன் பிரதிநிதி திருவனந்தபுரத்துக்குப் போனார், தென்காசியின் பிரதிநிதி சென்னைக்குப் போனார். இணைப்புக்குப் பின் வந்த 1957 தேர்தலில் மாநிலமே காங்கிரஸ் பக்கம் நின்றபோது, தென்காசி சுயேச்சையான சட்டநாத கரையாளரைத் தேர்ந்தெடுத்தது. 1971-இல் திமுகவின் கதிரவன் என்கிற சம்சுதீன். எம்ஜிஆர் முதல்முறை ஆட்சியைப் பிடித்த 1977-இல் காங்கிரஸின் முத்துசாமி கரையாளர். திமுக ஆட்சிக்குத் திரும்பிய 1989-இல், தனித்து நின்று 26 இடங்களை மட்டுமே பிடித்த காங்கிரஸின் பீட்டர் அல்போன்ஸ். மாநிலத்தில் அடித்த காற்றுக்கு எதிராகப் பல முறை இந்த ஊர் நின்றிருக்கிறது. குடும்பச் செல்வாக்கும் உள்ளூர் அறிமுகமும் அன்று கட்சிச் சின்னத்தைவிடக் கனமாக இருந்தன என்பது என் கணிப்பு. அதில் பெருமைப்பட எல்லாமே இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

1991-இலிருந்து கதை மாறுகிறது. அம்முறை பீட்டர் அல்போன்ஸ் அதிமுக கூட்டணியில் வென்றார். பிறகு 1996-இல் தமாகாவின் ரவி அருணன், 2001-இல் அதிமுகவின் அண்ணாமலை, 2006-இல் திமுகவின் கருப்பசாமி பாண்டியன், 2011-இல் சரத்குமார். அடுத்து மேலே சொன்ன இருவர். ஏழு தேர்தல்கள், ஏழிலும் ஆட்சியைப் பிடித்த அணியே இங்கும் வென்றது. வேட்பாளர் யார் என்பதைவிடக் கூட்டணிக் கணக்கே தீர்மானிக்கிறது. சரத்குமார் அடுத்த தேர்தலில் திருச்செந்தூருக்குப் போய்விட்டதும் இதற்குச் சாட்சி. ஆளும் அணியோடு இருந்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தைச் சுட்டுவார்கள். சிற்றாற்றுப் பாசனக் குளங்களின் கரையில் நிற்கும் விவசாயியின் பதில் வேறாக இருக்கலாம்.

2008 மறுசீரமைப்பில் எல்லைகளும் மாறின. செங்கோட்டை இன்று கடையநல்லூர்த் தொகுதியில் இருக்கிறது. ஆகவே பழைய தென்காசியையும் இன்றைய தென்காசியையும் ஒரே அளவுகோலால் அளக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

மீண்டும் அந்த 370-க்கு வருகிறேன். இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் தபால் வாக்குகளே முடிவை மாற்றக்கூடும். தோற்றவர் உயர் நீதிமன்றம் போனார். தேர்தல் வழக்கை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு. முயல வேண்டும் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முடிக்காவிட்டால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. நீதிமன்ற உத்தரவின்படி தபால் வாக்குகள் 2023 ஜூலையில் மீண்டும் எண்ணப்பட்டன. பழனி நாடாரின் வெற்றி உறுதியானது. ஒருவேளை முடிவு மாறியிருந்தால், உண்மையில் வென்றவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது மீதமிருந்த மூன்றாண்டுக்கும் குறைவான காலம்தான். இழந்த இரண்டாண்டுகளைத் தொகுதி மக்களுக்குத் திருப்பித் தர எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.