லென்ஸுக்குப் பரீட்சை

காமிராக் கடையில் லென்ஸுக்கு விலை பேசுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். "இது ஜெர்மன் சரக்கு, ஸார்!" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் மறு பேச்சுக்கு இடமில்லை. வளையத்தில் பொறித்த பெயரும் சீட்டில் எழுதிய விலையுமே லென்ஸின் யோக்கியதைக்குச் சாட்சிகளாகி விடுகின்றன. ஆனால் லென்ஸ் என்பது வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும் கண்ணாடித் துண்டுகளின் கோவைதானே? அது எவ்வளவு நன்றாகக் குவிக்கிறது என்பதை அளந்தே பார்த்து விடலாம். அப்படி அளப்பவர்கள் நூறு வருஷங்களுக்கு மேலாக இருந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றைவிட, நெடுங்காலம் காணத் தவறிய ஒன்றைப் பற்றியே இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம்.

லண்டனுக்கு அருகே ரிச்மண்டில் கியூ வானாராய்ச்சிக் கூடம் என்று ஒன்று இருந்தது. 1769-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து செல்வதைப் பார்ப்பதற்காக மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கட்டிய மாளிகை அது. பிற்காலத்தில் அரசருடைய வேடிக்கை போய், உஷ்ணமானிகளையும் கடிகாரங்களையும் சோதித்து அத்தாட்சி கொடுக்கும் இடமாயிற்று. போட்டோ லென்ஸ்களை அங்கே பரீட்சிக்கும் முறையை 1892-ல் ராயல் சொஸைட்டியாருக்கு விவரித்து எழுதியவர் மேஜர் லியோனார்ட் டார்வின். பரிணாமக் கொள்கையைக் கண்ட சார்லஸ் டார்வினின் புதல்வரே இவர். 1874-ல் சுக்கிரன் மறுபடியும் சூரியனைக் கடந்தபோது படம் பிடிக்க நியூஸிலாந்துக்குச் சென்றவர். ஆகவே லென்ஸின் குறைகளை ஏட்டில் மட்டும் படித்தவரல்லர்.

அந்தப் பரீட்சையின் பெருமை, லென்ஸின் குலத்தை விசாரிக்காமல் கையிலுள்ள அந்த ஒரு லென்ஸையே விசாரித்ததுதான். கண்ணாடியில் நரம்போடியிருக்கிறதா, துண்டுகள் நடு மையத்தில் அமைந்திருக்கின்றனவா, நேர்கோடு வளைகிறதா, ஓரங்களில் வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்றெல்லாம் தனித்தனியே பார்த்தார்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு லென்ஸ்கள் கூட இரண்டு விதமாக இருக்கக் கூடும் என்பது அன்றே தெரிந்த உண்மை.

பிறகு கோடு எண்ணும் காலம் வந்தது. கறுப்பும் வெளுப்புமாக, வர வர நுண்ணியதாகும் கோடுகளை அட்டையில் அச்சிட்டு லென்ஸினால் படம் பிடிக்க வேண்டியது. பிலிமைப் பூதக்கண்ணாடியில் வைத்து, கடைசியாக எந்தக் கோடுகள் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன என்று பார்க்க வேண்டியது. அமெரிக்க விமானப்படை 1951-ல் வகுத்த அட்டை இவற்றுள் பிரசித்தமானது. அதில் மும்மூன்று கோடுகளாக அமைந்த தொகுதிகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஆறு படி இறங்கினால் நுண்மை இரண்டு மடங்காகும். ஒரு கறுப்பும் ஒரு வெளுப்பும் சேர்ந்தது ஒரு ஜோடி. மில்லிமீட்டருக்கு இத்தனை ஜோடி என்று ஒரே ஓர் எண்ணில் தீர்ப்பு வந்துவிடும். எண் பெரிதானால் லென்ஸ் உயர்ந்தது! இதைவிடச் சுலபமான தீர்ப்பு உண்டா?

இல்லைதான். ஆனால் சுலபமான தீர்ப்புக்கள் பலவற்றில் நேர்வது போலவே, இதிலும் கோளாறு இருந்தது. எந்தப் படியில் கோடுகள் "கடைசியாக"த் தெரிகின்றன என்பதில் இரண்டு பரீட்சகர்கள் ஒத்துப்போவது கஷ்டம். பிலிமின் மணிகளும் குறுக்கிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. குவியம் சற்றுத் தவறினால் கோடுகள் ஓரிடத்தில் கலங்கி மறைந்து, அதைவிட நுண்ணிய இடத்தில் மீண்டும் தலைகாட்டும். அவை பொய்க் கோடுகள். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெளுப்பும், மூன்று கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடும் தெரியும். எண்ணிக்கையில் ஊக்கமுள்ள பரீட்சகர் அவற்றையும் வரவு வைத்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய கோளாறு வேறு. எண்ணிக்கையில் தோற்ற லென்ஸ் எடுத்த படம், ஜெயித்த லென்ஸின் படத்தைவிடக் கண்ணுக்குத் தெளிவாக இருந்தது!

இந்தப் புதிருக்கு வழி காட்டியவர்களுள் ஒருவர் லென்ஸ் செய்பவரே அல்லர். ஆட்டோ ஷேட் என்பவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று, ஆர்.ஸி.ஏ. கம்பெனியில் வேலை பார்த்த இஞ்சினீயர். டெலிவிஷன் பெட்டியையும் பிலிமையும் லென்ஸையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. ஒலிபெருக்கும் கருவிகளை அளப்பவர்கள், அது எட்டும் மிக உச்சமான ஸ்வரம் எது என்று கேட்டு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு பலத்துடன் வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். லென்ஸையும் அப்படியே பார்க்கலாம் என்பதை 1948 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் காட்டினார். அதற்கு வேண்டிய கணிதத்தை, பிரெஞ்சுக்காரரான தூபியூ 1946-ல் ஒரு நூலாகவே எழுதியிருந்தார்.

சங்கீத ரசிகர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பாடகர் மேல் ஸ்தாயியில் யாரும் எட்டாத ஸ்வரத்தைக் கீச்சென்று தொட்டுவிடுகிறார். ஆனால் மத்திய ஸ்தாயியில் குரலே எழும்பவில்லை. மற்றவர் அவ்வளவு உயரம் போகவில்லை. போன வரையில் ஒவ்வொரு ஸ்வரமும் கணீரென்று ஒலிக்கிறது. யாருடைய கச்சேரியில் உட்கார்ந்திருப்போம்? கோடு எண்ணுகிறவர்கள் முதல்வருக்கே பரிசு கொடுத்து வந்தார்கள். கறுப்பையும் வெளுப்பையும் எல்லாம் சாம்பலாக்கிவிட்டு, அந்தச் சாம்பலுக்குள் நூறு கோட்டைப் பிரித்துக் காட்டும் லென்ஸைவிட, அறுபதோடு நின்றாலும் கறுப்பைக் கறுப்பாகவும் வெளுப்பை வெளுப்பாகவும் காட்டும் லென்ஸைத்தான் கண் விரும்புகிறது.

இதனால் இப்பொழுது ஒரே எண்ணுக்குப் பதிலாக வளைகோடுகள் வரைகிறார்கள். மில்லிமீட்டருக்கு 10 ஜோடி, 30 ஜோடி என்று சில நுண்மைகளை எடுத்துக்கொண்டு, கறுப்பு வெளுப்பு வித்தியாசத்தில் நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் படத்தின் மையத்திலிருந்து மூலை வரை காட்டுவார்கள். இதிலும் வாங்குகிறவர் ஒன்று கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் லென்ஸை அளந்து இந்த வளைகோட்டைப் போடுகின்றன. வேறு சில, வரைபடத்திலிருந்து கணக்குப் போட்டே கொடுத்துவிடுகின்றன. கணக்கில் உள்ள லென்ஸில் கண்ணாடி ஒருபோதும் சாய்ந்திருக்காது!

சாய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. சுவரில் செய்தித்தாளை நான்கு மூலைகளிலும் ஒட்டி, காமிராவை முக்காலியில் நேர் எதிராக நிறுத்தி, துவாரத்தை முழுதும் திறந்து ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு காமிராவைத் தலைகீழாக வைத்து, அதே தூரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். முதலில் கலங்கிய தாளே இரண்டாவதிலும் கலங்கியிருந்தால், நாம் காமிராவை நிறுத்தியது கோணல். எதிர் மூலையிலுள்ள தாள் கலங்கியிருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான்.